கையை வைக்காமல் எழுந்தவன்

மொத்தம் இருபத்திரண்டு பக்கம். பக்கத்துக்குப் பக்கம் கட்டம், கட்டத்துக்குக் கீழே கோடு, கோட்டுக்கு மேலே பொடி எழுத்தில் 'விவரமாக எழுதவும்' என்று ஒரு உத்தரவு. அந்தப் படிவத்தை என் தங்கை புருஷன் என் முன்னால் தூக்கிப் போட்டான்.

"எழுது மச்சான். உன் கையெழுத்து எவ்வளவு அழகுன்னு கவர்மெண்டும் பாக்கட்டும்."

அவனை எல்லோரும் ஜாக்கி என்றுதான் கூப்பிடுவோம். டயர் மாற்றும்போது லாரிக்கு அடியில் வைத்து ஏற்றுவார்களே, அந்த ஜாக்கி. முதுகில் மூட்டை உட்கார்ந்ததும் எங்களுக்கெல்லாம் முழங்கால் ஒரு ஆட்டம் ஆடிவிட்டுத்தான் நிமிரும். அவனுக்கு ஆடாது. நேராக மேலே போவான். கிடங்கில் நானும் அவனும் இருபது வருஷம் ஜோடி. நான் மூட்டையைத் தூக்கிவிடுவேன், அவன் சுமப்பான். மத்தியானத்துக்கு மேல் ஆள் மாறிக்கொள்வோம். என் தங்கையை அவனுக்குக் கட்டிக்கொடுத்ததெல்லாம் ஜோடி சேர்ந்த பிறகுதான். அதனால் மாப்பிள்ளை என்ற மரியாதை வாயோடு சரி. மற்றபடி வாடா போடாதான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில் லாரியில் ஏறப் போட்ட பலகையில் வழுக்கி விழுந்தான். மூட்டை அவன் மேலேயே விழுந்தது. முதுகைக் கிழித்து ஸ்க்ரூ வைத்துத் தைத்தார்கள். இடது காலில் முட்டிக்குக் கீழே கிள்ளினாலும் தெரியாது. கால் மணி நேரம் உட்கார்ந்தால் முதுகு தீப்பிடித்த மாதிரி ஆகிவிடும் என்பான். இன்னொன்றும் உண்டு. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. ஒண்ணுக்கு வருவது அவனுக்குத் தெரிவதில்லை. வந்த பிறகுதான் தெரியும். இதை எனக்குச் சொன்னது என் தங்கை. எனக்குத் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் தெரியாத மாதிரியே இருந்துவிட்டோம்.

விழுந்த நாளிலிருந்து தொழிலாளர் நல அலுவலகத்தில் மாசாமாசம் உதவித்தொகை கொடுத்தார்கள். அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது அதில்தான். மகள் கல்லூரியில் கடைசி வருஷம் படிப்பதும் அதில்தான். இந்த வருஷம் புதுச் சட்டம் வந்தது. உதவித்தொகை வாங்குகிற எல்லோரும் மறுபடி படிவம் எழுத வேண்டும், டாக்டர் முன்னால் போய் நிற்க வேண்டும், அவர்கள் புள்ளி போடுவார்கள். பதினைந்து புள்ளி வந்தால் பணம் வரும். குறைந்தால் 'வேலைக்குத் தகுதி உள்ளவர்' என்று எழுதி நிறுத்திவிடுவார்கள்.

படித்த மகள் வீட்டிலேயே இருக்க, படிவத்தை என்னிடம் ஏன் கொடுத்தான் என்று கேட்கலாம். நான் எழுத்துக் கூட்டப் படித்ததே நாற்பத்தாறு வயதில், சுமைதூக்குவோர் சங்கத்து மாடியில் நடந்த வகுப்பில். ஒரு வரி எழுதி முடிக்க அஞ்சு நிமிஷம் ஆகும். ஆனால் அந்தப் படிவத்தில் 'உடை மாற்ற உதவி தேவையா', 'கழிப்பறைக்குச் செல்ல உதவி தேவையா' என்றெல்லாம் இருக்கிறது என்று அவனுக்கு எவனோ சொல்லிவிட்டான். மகள் கண்ணில் அது படக்கூடாது. அவ்வளவுதான் விஷயம். மகளை அவள் சிநேகிதி வீட்டுக்கு அனுப்பிவிட்டு என்னை உட்கார வைத்தான்.

"எவ்வளவு தூரம் நடப்பேன்னு கேக்குதா? தெருமுனை வரைக்கும் போவேன்னு எழுது."

"போறே. வர்றியா?"

"வராம அங்கேயே குடித்தனமா நடத்துறேன்? உக்காந்து உக்காந்து வருவேன்."

உட்கார்ந்து உட்கார்ந்து வருவதை எழுத ஒரு பக்கம் வேண்டும். நான் 'கொஞ்சம் முடியும்' என்று எழுதினேன். அடுத்த கேள்வி படியேறுவது. அதற்கும் 'கொஞ்சம் முடியும்'. குனிவது, நிமிர்வது, கையைத் தலைக்கு மேல் தூக்குவது. எல்லாவற்றுக்கும் 'கொஞ்சம் முடியும்', 'முடியும்'. அந்த இரண்டு வார்த்தையும் கைக்குப் பழகிவிட்டன. பிசிறில்லாமல் வந்தன. எனக்கே பார்க்க நன்றாக இருந்தது. விவரமாக எழுதவும் என்பதை நான் ஒவ்வொரு முறையும் படித்தேன், ஒவ்வொரு முறையும் தாண்டிப் போனேன்.

பதினேழாவது பக்கத்தில் அது வந்தது. சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இருக்கிறதா? கட்டுப்பாடு தவறுவது உண்டா? உண்டு என்றால் வாரத்தில் எத்தனை முறை?

நான் வாய்விட்டுப் படிக்கவில்லை. ஆனால் நின்றுவிட்டேன். நின்றதிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. அடுக்களை வாசலில் என் தங்கை துடைத்த டம்ளரையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எழுதுங்கண்ணே" என்றாள்.

"நீ உள்ள போ" என்றான் அவன்.

"அதுக்குத்தானே கேட்டிருக்கான்..."

"போன்னா போ." அப்புறம் என்னிடம் மெதுவாக, "அங்க எல்லாம் பொம்பளைங்க வேலை பாக்குறாங்க மச்சான். நாளைக்கு நம்ம பேரைக் கூப்பிடுறப்ப ஒருத்தி இன்னொருத்தியப் பாத்துச் சிரிப்பா. இல்லன்னு போடு."

நான் 'இல்லை' கட்டத்தில் டிக் போட்டேன். என் தங்கை உள்ளே போய்விட்டாள். டம்ளரை வைத்த சத்தம் மட்டும் கேட்டது.

டாக்டர் முன்னால் நிற்க வேண்டிய நாள் வந்தது. அவனைக் கூட்டிப்போக நான் ஒருநாள் வேலைக்கு லீவு சொன்னேன். போய்ப் பார்த்தால் மழமழவென்று சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில் மாப்பிள்ளை மாதிரி நிற்கிறான். கூட யாரையாவது அழைத்து வரலாம் என்று கடிதத்தில் இருந்தது. தங்கை வருகிறேன் என்றாள். அவன்தான் வேண்டாம் என்றான்.

"மாத்திரை போட்டியா?"

"ரெண்டு. வழக்கமா ஒண்ணு. ரெண்டு போட்டா மூணு மணி நேரத்துக்கு முதுகு இருக்கிறதே தெரியாது."

"தண்ணி?"

அவன் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். என் தங்கைதான் பின்னால் நின்று சைகை காட்டினாள். நேற்று சாயங்காலத்திலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லையாம். உதடு வெடித்திருந்தது. அங்கே போய் ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்று.

அலுவலகத்தில் நீளமான ஹால். சுவரோரமாக வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலி. எல்லா நாற்காலியிலும் ஆள். ஒருத்தர் கையில் கட்டு, ஒருத்தர் மூக்கில் குழாய், ஒரு அம்மா சுவரையே பார்த்துக்கொண்டு. ஜாக்கி உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது எல்லோரும் பார்ப்பார்கள் என்று தூணில் சாய்ந்து நின்றான். பக்கத்தில் மூக்கில் குழாய் வைத்தவர் இவனை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, நீங்க யாருக்குத் துணையா வந்தீங்க?"

"இதோ இவருக்குத்தாங்க" என்று என்னைக் காட்டினான். "பாவம், ரொம்ப முடியாதவரு."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

டாக்டரம்மாவுக்கு முப்பது வயது இருக்கலாம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். கனிவாகத்தான் பேசினார். அதைச் சொல்லத்தான் வேண்டும். கேள்வி கேட்பார், இவன் பதில் சொல்வான், அவர் திரையைப் பார்த்துத் தட்டுவார்.

"டீவி பாப்பீங்களா?"

"பாப்பேங்க."

"ஒரு முழுப் படம் பாப்பீங்களா?"

"பழைய படம்னா விடமாட்டேங்க."

தட்டினார். இவன் படம் பார்ப்பது தரையில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டு. அதை அவர் கேட்கவில்லை, இவன் சொல்லவில்லை. வாயைத் திறக்க வேண்டிய நானும் சும்மா இருந்தேன்.

"ஒரு லிட்டர் பால் பாக்கெட் தூக்க முடியுமா?"

இவன் என்னைப் பார்த்தான். எனக்கும் என்னவோ போல் இருந்தது.

"பால் பாக்கெட்டா? அம்மா, நூறு கிலோ மூட்டை தூக்கின உடம்பும்மா இது. இவரையே கேளுங்க."

"ஆமாங்க" என்றேன் நான்.

தட்டினார்.

"எழுந்து நில்லுங்க. கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்க. அப்படியே கீழ குத்துக்கால் போட்டு உக்காந்து, எழுந்திருங்க பாக்கலாம். முடிஞ்ச வரைக்கும் போதும்."

இந்த இடத்தில் எங்கள் கிடங்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். காலையில் கேட்டுக்கு முன்னால் ஆள் எடுக்கும்போது, யாராவது காய்ச்சலில் படுத்துவிட்டு வந்திருந்தால், இல்லை வயதாகிவிட்டது என்று மேஸ்திரிக்குச் சந்தேகம் வந்தால், "உக்காந்து எந்திரி" என்பார். கையை முட்டியில் வைக்காமல் எழுந்தால் உள்ளே போகலாம். கையை முட்டியில் ஊன்றிவிட்டால், "போய் ரெண்டு நாள் ரெஸ்ட் எடுத்துட்டு வாண்ணே." அந்த ரெண்டு நாள் ரெண்டு மாசமாகும், சில பேருக்கு அப்படியே முடிந்தும் போகும். எங்கள் ஆட்களில் சிலர் வீட்டில் காலையில் பல் விளக்கும் முன்னால் அதைத்தான் செய்து பார்ப்பார்கள். நான் இப்போதும் செய்கிறேன்.

ஜாக்கி குத்துக்கால் போட்டு உட்கார்ந்தான். இடது கால் பாதம் கோணிக்கொண்டு நின்றது. அவன் கை முட்டிப் பக்கம் போனது. போய், தொடாமல் நின்றது. பல்லைக் கடித்தான். தாடையில் எலும்பு துருத்தியது. கையை எடுத்து மார்புக்கு நேராகக் கட்டிக்கொண்டான். எழுந்தான். ஆடாமல் அசையாமல், பழைய மாதிரி நேராக மேலே வந்தான்.

வாய்க்குள் 'சபாஷ்' என்று வந்துவிட்டது எனக்கு. மூன்று வருஷமாக அவன் அப்படி எழுந்து நான் பார்க்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

டாக்டரம்மா தட்டினார்.

வெளியே வந்து ஆட்டோவில் அவனைச் சாய்த்து ஏற்றும் வரை தாங்கினான். ஏறியதும் முனக ஆரம்பித்தான். முனகலுக்கு நடுவிலும், "பாத்தியாடா? பாத்தியா?" என்றான். "பாத்தேன்டா" என்றேன். அன்றைக்கு இரண்டு பேரும் ஜெயித்த மாதிரிதான் வீட்டுக்குப் போனோம். நாங்கள் எதற்குப் போனோம் என்பது வழியில் எங்கேயோ விழுந்துவிட்டது. அடுத்த நாலு நாள் அவனைத் திருப்பிப் படுக்கப்போடவே இரண்டு ஆள் வேண்டியிருந்தது என்று தங்கை சொன்னாள்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. நான்தான் படித்தேன். நடப்பது, இரண்டு புள்ளி. படியேறுவது, இரண்டு. குனிவது, இரண்டு. உட்காருவது, எழுவது, பூஜ்யம். கட்டுப்பாடு, பூஜ்யம். கூட்டிப் பார்த்தால் ஆறு. கீழே கொட்டை எழுத்தில், 'மேற்படி நபர் வேலை செய்யத் தகுதி உள்ளவர்.' அடுத்த மாதத்திலிருந்து உதவித்தொகை கிடையாது. ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளில் எழுதலாம்.

அவன் கையை நீட்டிக் கடிதத்தைத் தொட்டுப் பார்த்தான். அப்புறம், "அந்த வரியை இன்னொரு தடவ படி" என்றான்.

"எந்த வரி?"

"தகுதி உள்ளவர்னு ஒண்ணு படிச்சியே."

படித்தேன். அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனதை நான் பார்த்தேன். என் தங்கையும் பார்த்தாள். அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. சத்தமே வரவில்லை.

மறுநாள் காலையில் ஆட்டோ பிடித்துக் கிடங்குக் கேட்டுக்கு வந்துவிட்டான். கம்பு ஊன்றிக்கொண்டு, கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு. மேஸ்திரி எங்களோடு மூட்டை தூக்கி மேலே வந்தவர். கடிதத்தை வாங்கி இரண்டு பக்கமும் புரட்டினார்.

"வா ஜாக்கி. டீ குடிக்கிறியா?"

"வேலை வேணும்ணே. கவர்மெண்டே எழுதிக் குடுத்துருக்கு."

"கவர்மெண்டு எழுதிரும். எழுதினவங்க வந்து பலகையில உன் பக்கத்துல நிக்கட்டும், இப்பவே எடுத்துக்கிறேன்." சொல்லிவிட்டு அவருக்கே கஷ்டமாகிவிட்டது. தோளில் கை வைத்தார். "ஏன்டா, வீட்டுல புள்ள இருக்கா. இன்னொரு தடவ விழுந்தா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு உன் பொண்டாட்டி முன்னால வந்து நிப்பேன்?"

வரிசையில் நின்ற எங்கள் ஆட்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் அன்றைக்கு உள்ளே போனேன். அவன் வெளியே நின்றான். பத்து மணிக்கு நான் எட்டிப் பார்த்தபோது இல்லை. அவன் உட்கார்ந்திருந்த சிமெண்ட் கட்டையில் ஈரம் இருந்தது. அதைத் தாண்டித்தான் எல்லோரும் டீக்குப் போனார்கள்.

ஆட்சேபம் எழுத வேண்டும் என்றேன். முடியாது என்றான். ஒரு வாரம் போனது. இரண்டு வாரம் போனது. என் தங்கை ஒரு அச்சகத்தில் காகிதம் மடிக்கிற வேலைக்குப் போனாள். காலையில் அவனைக் கழுவித் துடைத்துவிட்டுப் போவாள், மத்தியானம் ஓடி வந்து மாற்றிவிட்டுப் போவாள். இரண்டு தடவை நேரம் தப்பியது என்று அச்சகத்தில் நிறுத்திவிட்டார்கள். மகள், படிப்பை விட்டுவிட்டு வேலைக்குப் போகட்டுமா என்று கேட்க ஆரம்பித்தாள். அன்றைக்குத்தான் என் தங்கை என்னைக் கூப்பிட்டுவிட்டாள்.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"நான் ஒரு நாளைக்கு எத்தன தடவ துவைக்கிறேன் தெரியுமா? பாயை எத்தன தடவ வெயில்ல போடுறேன் தெரியுமா? அவருக்கு மானம் இருக்கு, சரி. நான் மூணு வருஷமா செய்யிற வேலைக்கு அந்தக் காயிதத்துல ஒரு கட்டம் இருந்துச்சு. ஒரே ஒரு கட்டம். அதுல நீங்க இல்லன்னு போட்டீங்க."

அவள் சின்ன வயதில் என் முதுகில் ஏறிக்கொண்டு திரிந்தவள். என்னை நீங்க என்று தவிர வேறு வார்த்தையில் பேசாதவள். அன்றைக்கும் மரியாதையாகத்தான் சொன்னாள்.

"பேனா எடுத்துட்டு வா" என்றேன்.

அவன் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். நாங்கள் அதே அறையில்தான் உட்கார்ந்தோம். வேறு அறை இல்லை, மகள் கல்லூரிக்குப் போயிருந்தாள். தங்கை சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இந்த முறை ஒன்றையும் தாண்டவில்லை. தெருமுனைக்குப் போய்த் திரும்புவதற்குள் எத்தனை வாசலில் உட்காருகிறான், எந்த வாசலில் யார் எழுப்பிவிடுகிறார்கள். டீவி எப்படிப் பார்க்கிறான். கால்சட்டையை யார் மாட்டிவிடுகிறார்கள். ஒரு வரிக்கு அஞ்சு நிமிஷம். பக்கம் முடிய மத்தியானம் ஆனது.

"அடுத்து அது" என்றேன்.

"எழுதுங்க. ஒரு நாளைக்கு மூணு தடவ துணி மாத்த வேண்டியிருக்கு."

நான் 'மூன்று' என்று எழுத ஆரம்பித்தேன்.

"மூணு இல்ல." சுவரைப் பார்த்தபடியே சொன்னான். "நாலு. ராத்திரியில ஒண்ணு இருக்கு. அவ தூங்கிட்டான்னு நானே மாத்திக்குவேன். மாத்தி முடிக்க ஒரு மணி நேரம் ஆவும். அதையும் எழுது."

என் தங்கை அவனைப் பார்த்தாள். அந்த ஒன்றை அவளுக்கும் அவன் சொல்லியிருக்கவில்லை. நான் அடித்துவிட்டு 'நான்கு' என்று எழுதினேன்.

ஆட்சேபத்தை விசாரிக்க மூன்று பேர் உட்கார்ந்தார்கள். நடுவில் வயதான தலைவர், ஒரு பக்கம் ஒரு டாக்டர், இன்னொரு பக்கம் கண்ணாடி போட்ட அம்மா. வீட்டு ஆட்களோடு வரச் சொல்லியிருந்தார்கள், அதனால் நான்கு பேரும் போனோம். மகளை மட்டும் வெளியே உட்கார் என்று அவன் சொன்னான். "அப்பாவைப் புடிச்சுக்க ஒரு ஆள் வேணும்ல" என்று அவள் கூடவே உள்ளே வந்துவிட்டாள். பதினோரு மணிக்கு என்றார்கள், ஒரு மணிக்குத்தான் கூப்பிட்டார்கள். அன்றைக்கு என் தங்கை அவனை வழக்கம்போலத் தண்ணீர் குடிக்க வைத்திருந்தாள். ஒரு மாத்திரைக்கு மேல் தரவில்லை. சட்டை மட்டும் அதே இஸ்திரிச் சட்டை. அதை அவன் விடவில்லை.

"எழுதியிருக்கிறதப் படிங்க" என்றார் தலைவர். கையால் எழுதியது அவர்களுக்கு விளங்கவில்லை போல.

நான் எழுந்து படித்தேன். நான் எழுதினதுதான், ஆனாலும் அங்கே நின்றபோது எழுத்தெல்லாம் ஒட்டிக்கொண்டது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிரித்துப் படித்தேன். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். பக்கத்து டாக்டர் பேனாவை மூடித் திறந்தார். இரண்டாவது பக்கத்துக்கு வந்தபோது நாக்கு நின்றுவிட்டது. அடுத்த வரி என்ன என்று எனக்குத் தெரியும்.

"குடுங்க மாமா."

மகள் என் கையிலிருந்து காகிதத்தை வாங்கினாள். நான் விடாமல் பிடித்தேன் என்று நினைக்கிறேன், அவள் மெதுவாக உருவிக்கொண்டாள். படித்தாள். கல்லூரியில் பாடம் படிக்கிற குரல். நடப்பதைப் படித்த அதே குரலில் அதையும் படித்தாள், நாளுக்கு நான்கு முறை, அதில் ஒன்று இரவில், தானே மாற்றிக்கொள்ள ஒரு மணி நேரம். எங்கேயும் நிற்கவில்லை, எங்கேயும் ஓடவில்லை. அவளுக்கு அது புது விஷயம் இல்லை என்று அந்தக் குரலிலேயே தெரிந்துவிட்டது. ஒரே வீடு. ஒரே கொடி. அதில் காயும் துணியை எடுத்து மடிப்பவள் அவள்தானே.

ஜாக்கி மேஜை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தான். காது இரண்டும் சிவந்திருந்தது.

டாக்டர் கேட்டார். "முதல் படிவத்துல இதுக்கு இல்லன்னு போட்டிருக்கீங்க. பரிசோதனையில, கையை ஊன்றாம எழுந்தார்னு எழுதியிருக்கு. இப்ப முடியலைன்னு சொல்றீங்க. எதை நம்புறது?"

"அன்னைக்கு எழுந்தேன் சார். பொய் இல்ல."

"ஏன் எழுந்தீங்க? கையை ஊன்றியிருக்கலாமே. யாரும் தடுக்கலையே."

"கையை வெச்சா எங்க கேட்டுல வேலைக்கு எடுக்க மாட்டாங்க சார்."

தலைவர் நிமிர்ந்தார். "இங்க உங்கள வேலைக்கு எடுக்கிறதுக்கா கூப்பிட்டோம்? வேலைக்கு முடியாதுன்னு காட்டத்தானே வந்தீங்க?"

"எனக்குத் தெரியும் சார். உடம்புக்குத் தெரியல."

கண்ணாடி அம்மா எதையோ எழுதிக்கொண்டார். தலைவர், "சரி, நீங்க போகலாம். முடிவு தபால்ல வரும்" என்றார்.

நான் ஒரு பக்கமும் தங்கை ஒரு பக்கமும் பிடித்து அவனை எழுப்பினோம். கதவு வரைக்கும் கூட்டி வந்தபின் மகளைக் காணோமே என்று திரும்பிப் பார்த்தேன். அவள் தன் துப்பட்டாவை எடுத்து, அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கீழே தரையையும் துடைத்தாள். வேகமாக, சத்தமில்லாமல். கண்ணாடி அம்மா காகிதத்தில் முகத்தை வைத்துக்கொண்டார். தலைவர் ஜன்னலைப் பார்த்தார். மகள் துப்பட்டாவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மூன்று பேரையும் பார்த்து "நன்றிங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஜாக்கியும் திரும்பிப் பார்த்திருந்தான்.

இரண்டு வாரம் கழித்து முடிவு வந்தது. உதவித்தொகை தொடரும். நின்ற மாதத்துக்கும் சேர்த்து வரும். மகள் படித்ததைக் கேட்டுக் கொடுத்தார்களா, அந்த நாற்காலியைப் பார்த்துக் கொடுத்தார்களா, எனக்குத் தெரியாது. வேலை முடிந்து அப்படியே மேலெல்லாம் தூசியோடு ஓடினேன். என் தங்கை வாசலிலேயே சொல்லிவிட்டாள். சொல்லும்போது அவள் முகம் சிரிக்கவில்லை. உள்ளே கண்ணைக் காட்டினாள்.

அவன் சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருந்தான். விசாரணைக்குப் போய் வந்ததிலிருந்து தெருமுனைக்குக்கூடப் போவதில்லையாம். மகள் பக்கத்தில் வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறானாம்.

"ஜெயிச்சுட்டோம்டா" என்றேன்.

"ம்."

"பொண்ணு படிப்ப முடிச்சிடும். இனி என்ன?"

"ம்."

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். அவன் சுவரைப் பார்த்தபடியே பேசினான்.

"நல்லா எழுதியிருந்தே மச்சான். எல்லாம் உண்ம."

"உண்மையத்தானே எழுதினோம்."

"அதான். நடுவுல எங்கயாவது ஒரு பொய் எழுதியிருக்கலாம் நீ. அத வெச்சு, இது நான் இல்ல, பணத்துக்காக எழுதினதுன்னு எம் பொண்ணுகிட்டச் சொல்லியிருப்பேன்."

தலைமாட்டில் கடிதம் இருந்தது. கையில் எடுத்தேன். அவனாகவே, "கடைசியில என்னமோ தேதி போட்டிருக்காமே, அது என்ன?" என்றான்.

தேடிப் படித்தேன். இரண்டு வருஷத்துக்குத்தான் இந்த முடிவு. அதற்கப்புறம் மறுபடி படிவம், மறுபடி பரிசோதனை.

"மறுபடியும் இதையெல்லாம் எழுதணுமா?"

"ஆமா."

"யார் எழுதுவா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் உள்ளே வந்தாள். கையில் மடித்த துணி அடுக்கு. அதைக் கட்டிலுக்குக் கீழே இருக்கிற பெட்டியில் வைத்துக்கொண்டே, எங்களைப் பார்க்காமல், "நான் எழுதுறேன்பா" என்றாள்.

அவன் போர்வையை இழுத்துத் தலைக்கு மேல் மூடிக்கொண்டான்.